பக்கத்து அறையில் யார்?

இணையவழி உளவியல் ஆலோசனைக்கு வருகிறவரிடம் நான் முதலில் கேட்பவை இரண்டு கேள்விகள். "இப்ப எங்க உட்கார்ந்திருக்கீங்க? பக்கத்துல யாராவது இருக்காங்களா?" அதன் பிறகு, இருக்கும் இடத்தின் முகவரி, அவசரத்துக்கு அழைக்க நெருங்கிய ஒருவரின் எண், இணைப்பு அறுந்துபோனால் யார் யாரைக் கூப்பிடுவது, நடுவே யாராவது அறைக்குள் வந்துவிட்டால் எனக்கு உணர்த்த ஒரு குறிச்சொல். இவ்வளவும் பேசி முடித்த பிறகே மனசைப் பற்றிய பேச்சு. நேரில் வருகிறவருக்கு இந்தத் தொல்லை கிடையாது. அறை என்னுடையது, கதவைச் சாத்துவது என் பொறுப்பு. வெளியே காத்திருப்பவர் காதில் ஒரு சொல்லும் விழாது என்று அவருக்கு என்னால் உறுதி சொல்ல முடியும். திரை வழியாக வருகிறவரோ தன் அறையைத் தானே தேடிக்கொள்ள வேண்டியிருக்கிறது. நம் வீடுகளில் வளர்ந்த பிள்ளை கதவைச் சாத்தினாலே "உள்ள என்ன பண்றே?" என்று ஒரு குரல் வரும். நாற்பது வயதானாலும் வரும்.

நான் தமிழிலும் ஆங்கிலத்திலும் ஆலோசனை செய்கிறேன். இரண்டு மொழி தெரிந்த ஆலோசகர் என்றால், ஆங்கிலம் தெரிந்தவரிடம் ஆங்கிலத்திலும் தெரியாதவரிடம் தமிழிலும் பேசுவார் என்றுதான் பொதுவாக நினைக்கிறார்கள். என்னிடம் வருகிறவர்களில் பெரும்பாலோருக்கு இரண்டும் தெரியும். எந்த மொழியில் தொடங்குகிறார்கள், எந்த இடத்தில் மாறுகிறார்கள், எதை எந்த மொழியிலும் சொல்லாமல் தாண்டிப் போகிறார்கள் என்று கவனிப்பதிலேயே என் வேலையின் பெரும்பகுதி போகிறது. அந்தத் தேர்வு கடைசிவரை அவர்கள் கையில் இருக்க வேண்டும் என்பதைத்தான் இந்தக் கட்டுரையில் சொல்ல விரும்புகிறேன். இதில் வருகிற எவரும் தனியொரு மனிதர் அல்லர். பலருடைய நிலைமைகளைக் கலந்தும் அடையாளங்களை மாற்றியும் எழுதுகிறேன்.

பெங்களூரில் மென்பொருள் நிறுவனம் ஒன்றில் வேலை பார்க்கும் பெண். இரண்டு படுக்கையறை வீடு. ஊரிலிருந்து வந்திருக்கும் மாமனாரும் மாமியாரும் பேரனைப் பார்த்துக்கொள்கிறார்கள். "கடைக்குப் போயிட்டு வரேன்" என்று சொல்லிவிட்டு, அடுக்ககத்தின் கீழ்த்தளத்தில் நிறுத்தியிருக்கும் காருக்குள் வந்து உட்கார்ந்துகொள்வார். கண்ணாடிகளை ஏற்றிவிட்டு, செல்போனை ஸ்டியரிங்கில் சாய்த்து வைப்பார். அங்கே சிக்னல் சரியாகக் கிடைக்காது. முகம் கட்டம் கட்டமாக உடையும், உறையும், மறுபடி சேரும். காவலாளி டார்ச் அடித்துக்கொண்டு கடந்து போகையில் சட்டென்று சிரித்த முகமாகிவிடுவார். காருக்குள் அவர் பேசுவது முழுக்கத் தமிழ். கணவர் காரை எடுத்துப் போயிருக்கும் நாட்களில் படுக்கையறையிலிருந்து பேசுவார். அப்போது ஆங்கிலம், அதுவும் அலுவலகக் கூட்டத்தில் பேசுகிற ஆங்கிலம். கூடத்தில் இருக்கும் மாமியாருக்கு அது வேலைப் பேச்சு. அழுகை வந்தால் கேமராவை அணைத்துவிடுவார், குரல் மாறாது. நானும் அதற்கேற்றபடி கேள்விகளை மாற்றிக்கொள்வேன். ஆமாம், இல்லை என்று முடிகிற கேள்விகள். எண்ணில் பதில் சொல்லக்கூடிய கேள்விகள். இன்றைக்குப் பாரம் பத்துக்கு எவ்வளவு என்று கேட்டால் "செவன்" என்பார். கூடத்தில் இருப்பவர்களுக்கு அது ஏதோ அலுவலகக் கணக்கு.

இதை ஏமாற்று என்று சிலர் சொல்லக்கூடும். ஒரே கூரையின் கீழ் மூன்று தலைமுறை வாழும் வீட்டில், தன் மனசுக்கென்று ஒரு மணி நேரத்தை ஒருவர் ஒதுக்கிக்கொள்வதற்கு வேறு வழி இருந்தால் அவர் அந்த வழியில் போயிருப்பார். காரும் ஆங்கிலமும் அவருக்கு ஒரே வேலையைத்தான் செய்கின்றன.

ஷார்ஜாவில் கட்டுமான நிறுவனத்தில் மேற்பார்வையாளராக இருக்கும் ஒருவருக்கு அந்த வசதியும் இல்லை. ஓர் அறையில் ஆறு பேர், அடுக்குக் கட்டில்கள். கூட இருப்பவர்களில் இருவர் மலையாளிகள், தமிழ் நன்றாகப் புரியும். மற்றவர்களுக்கு ஆங்கிலம் புரியும். எந்த மொழியும் அவருக்கு மறைப்பாகாது. அமீரகத்தில் வாட்ஸ்அப் அழைப்பு எடுக்காது என்பதால் வேறொரு செயலி வழியாக வருவார். தலை மூடப் போர்வையை இழுத்துவிட்டுக்கொண்டு, காதில் இயர்போனோடு படுத்திருப்பார். நான் பேசுவேன், அவர் தட்டச்சு செய்வார். ஆங்கில எழுத்தில் தமிழ். மகள் பிறந்தபோது தான் ஊரில் இல்லை என்பதையும், இப்போது வீடியோ அழைப்பில் அந்தக் குழந்தை தன்னைப் பார்த்ததும் பாட்டியின் முந்தானைக்குள் ஒளிந்துகொள்கிறது என்பதையும் அப்படித்தான் சொன்னார். எழுதிக்கொண்டிருக்கிறார் என்று காட்டும் மூன்று புள்ளிகள் தோன்றும், நிற்கும், திரும்பத் தோன்றும், ஒன்றும் வராமலே மறையும். எழுதி அழித்த வரிகள்தான் அவரிடம் அதிகம் என்று எனக்குத் தோன்றும். "அழிச்சத அனுப்ப வேண்டாம். அது எதைப் பத்தினதுன்னு மட்டும் சொல்ல முடியுமா?" என்று ஒருமுறை கேட்டேன். வெகுநேரம் கழித்து ஒரே சொல் வந்தது: அப்பா.

பக்கத்து அறைக்காக மட்டும் மனிதர்கள் மொழி மாறுவதில்லை. தமக்குத் தாமே ஒரு தடுப்பு வேண்டியும் மாறுகிறார்கள். பாஸ்டன் பல்கலைக்கழகத்தின் கேத்தரின் ஹாரிஸும் அவருடன் பணியாற்றியவர்களும் 2003இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. துருக்கியைத் தாய்மொழியாகக் கொண்டு பிற்பாடு ஆங்கிலம் கற்றவர்களின் விரல்நுனியில் மின்முனைகளைப் பொருத்தி, இரண்டு மொழிகளிலும் சொற்களையும் தொடர்களையும் கேட்கச் செய்தார்கள். உணர்ச்சி கிளர்ந்தால் தோலில் வியர்வை கசிந்து மின்கடத்தும் அளவு மாறும். சின்ன வயதில் பெரியவர்கள் திட்டுகிற மாதிரியான தொடர்களைத் தாய்மொழியில் கேட்டபோது அந்த மாற்றம் கூடுதலாக இருந்தது. அதே பொருள்கொண்ட ஆங்கிலத் தொடருக்கு உடம்பு அவ்வளவாக அசையவில்லை. வளர்ந்து, வேலைக்குப் போய், பிள்ளை பெற்ற பிறகும் "உனக்கு வெட்கமா இல்ல?" என்ற குரல் எந்த மொழியில் நமக்குள் இறங்கியதோ அந்த மொழியில் கேட்டால்தான் உடம்பு பதறுகிறது.

ஆகவே ஒருவர் தன் வாழ்க்கையின் மிக மோசமான நாளை ஆங்கிலத்தில் சொல்லத் தொடங்கும்போது அதைப் பகட்டு என்றோ தப்பித்தல் என்றோ நான் எடுத்துக்கொள்வதில்லை. அடுப்பிலிருந்து கொதிக்கும் பாத்திரத்தைக் கரித்துணி வைத்துத்தான் இறக்க முடியும். வெறுங்கையால் இறக்கினால்தான் அது உண்மையான சமையல் என்று யாரும் சொல்வதில்லை.

பேசித் தீர்க்கும் இந்த மருத்துவ முறையின் தொடக்கத்திலேயே இரண்டு மொழிகள் இருந்தன. வியன்னாவில் 1880 முதல் 1882 வரை யோசெப் ப்ராயர் என்ற மருத்துவர் சிகிச்சை அளித்த இளம்பெண்ணை உளவியல் நூல்கள் அன்னா ஓ. என்று அழைக்கின்றன. இயற்பெயர் பெர்த்தா பாப்பன்ஹைம். நோயுற்ற தந்தையைப் பகலும் இரவும் கவனித்துவந்த அவருக்கு ஒரு கட்டத்தில் தாய்மொழியான ஜெர்மன் பேச வராமல் போயிற்று. ஆங்கிலத்தில் மட்டுமே பேசினார். அவரைப் பார்த்துக்கொண்ட தாதிக்கு அந்த மொழி புரியவில்லை. ப்ராயருக்குப் புரிந்தது. நாள்தோறும் வந்து உட்கார்ந்து அவர் சொல்வதைக் கேட்டுக்கொண்டிருந்தார். அப்படிப் பேசிப் பேசி மனம் லேசாவதற்கு 'டாக்கிங் க்யூர்' என்று பெயர் வைத்தவர் மருத்துவர் அல்லர், அந்தப் பெண்தான். பெயரை ஆங்கிலத்திலேயே வைத்தார். ப்ராயரும் ஃப்ராய்டும் சேர்ந்து 1895இல் வெளியிட்ட ஹிஸ்டீரியா பற்றிய நூலில் இந்த வரலாறு இருக்கிறது. பின்னாளில் பாப்பன்ஹைம் ஜெர்மனியில் யூதப் பெண்களின் அமைப்பை 1904இல் தொடங்கி, பல்லாண்டு காலம் சமூகப்பணி செய்தார். நோயுற்றிருந்த நாட்களில் யாராவது அவரிடம் "உன் மொழியில் பேசினால்தான் கேட்பேன்" என்று சொல்லியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நான் யோசிப்பதுண்டு.

அப்படிச் சொல்கிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள். தாய்மொழியில்தான் உண்மை வெளிவரும், ஆங்கிலம் முகமூடி என்ற எண்ணம் நம் துறையிலும் உண்டு, வெளியிலும் உண்டு. அதற்கு ஆதாரமும் இல்லாமல் இல்லை. 1950இல் உளப்பகுப்பாய்வாளர் ரால்ஃப் கிரீன்சன் எழுதிய கட்டுரையில் வரும் பெண், ஜெர்மனில் பேசும்போது தான் பயந்துபோன அழுக்குக் குழந்தையாகவும் ஆங்கிலத்தில் பேசும்போது நாகரிகமான பெண்ணாகவும் ஆகிவிடுவதாக உணர்ந்தார். ஆங்கிலத்திலேயே இருந்துவிட்டால் அந்தக் குழந்தை பேசாமலே போய்விடும் என்பது அந்தக் காலத்து உளப்பகுப்பாய்வாளர்களின் கவலை. கவலை நியாயமானது. ஆனால் குழந்தை எப்போது பேசவேண்டும் என்பதை யார் தீர்மானிப்பது என்ற இடத்தில்தான் நான் வேறுபடுகிறேன்.

தமிழைப் பொறுத்தவரை இந்தத் தாய்மொழி வாதம் மறைக்கிற ஒன்று இருக்கிறது. தமிழில் இரண்டு வாக்கியம் பேசினால் ஊர் தெரிந்துவிடுகிறது. மூன்றாவது வாக்கியத்தில் கேட்கிறவர் சாதியை ஊகிக்கத் தொடங்கிவிடுகிறார். அத்தையை எப்படி அழைக்கிறார், குழம்பை என்னவென்று சொல்கிறார், வினைச்சொல் எப்படி முடிகிறது என்று காது தானாகவே கணக்குப் போடுகிறது. போதாததற்கு "சொந்த ஊர் எது?" என்று தொடங்கி "ஊர்ல எந்தப் பக்கம்?" "எந்தத் தெரு?" என்று போகும் விசாரணை நமக்கெல்லாம் பழக்கமானது. அன்பாகப் பேச்சுக் கொடுப்பதாக நினைத்துக்கொண்டு ஆலோசகர்களும் இதைக் கேட்கிறார்கள்.

வங்கி அதிகாரியாக இருக்கும் ஒருவர் என்னிடம் தொடர்ந்து ஆங்கிலத்திலேயே பேசினார். சிக்கனமான, சுத்தமான ஆங்கிலம். நான் நடுவே தமிழில் ஒரு வார்த்தை சொன்னாலும் அதை ஆங்கிலத்தில் வாங்கிக்கொள்வார். வெகுநாள் கழித்து அவரே காரணம் சொன்னார். தெருவைக் கேட்டதும் எதிரில் இருப்பவர் முகம் மாறுவதை அவர் கல்லூரியிலிருந்து பார்த்துவருகிறார். தான் தலித் என்பதை மறைக்க அவருக்கு விருப்பம் இல்லை. அதை எப்போது சொல்வது என்பது தன் முடிவாக இருக்க வேண்டும் என்று விரும்பினார். ஆங்கிலத்தில் அவரை யாரும் ஒரு தெருவில் கொண்டுபோய் நிறுத்த முடியாது. அதன் பிறகு சின்ன வயதுச் சம்பவம் ஒன்றைச் சொன்னார். டீக்கடை வாசலில் தன் வயதுப் பையன் ஒருவன் இவருடைய அப்பாவைக் கூப்பிட்ட விதம். முழுவதும் ஆங்கிலத்தில் சொன்னார், அந்தப் பையன் கூப்பிட்ட "டேய்" மட்டும் தமிழில் இருந்தது. அவர் கடைசிவரை தமிழுக்கு மாறவில்லை. தூக்கம் திரும்பியது, அலுவலகக் கூட்டங்களில் நெஞ்சு படபடப்பது நின்றது, அப்பாவை வீட்டுக்கு அழைத்து வந்து வைத்துக்கொண்டார். அந்த ஆலோசனையில் ஏதும் குறைந்துவிட்டதாக நான் நினைக்கவில்லை. அவரைப் போன்றவர்களிடமிருந்து கற்றுக்கொண்டு, இப்போதெல்லாம் யாரிடமும் சொந்த ஊரைக் கேட்பதில்லை. பாதுகாப்புக்காக இப்போது இருக்கும் இடத்தைக் கேட்கிறேன், அதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

தமிழ் இன்னொன்றையும் கேட்கிறது: மரியாதை. கணவரிடம் அடிவாங்கிய பெண்கள் ஆங்கிலத்தில் பேசும்போது 'ஹி' என்று சொல்லிக் கடந்துவிடுகிறார்கள். தமிழில் சொல்ல வந்தால் ஒவ்வொரு வினைச்சொல்லிலும் முடிவெடுக்க வேண்டியிருக்கிறது. "அவரு அடிச்சாரு." அடித்ததைச் சொல்லும்போதும் மரியாதை விட்டுப்போவதில்லை. பன்னிரண்டு ஆண்டு மண வாழ்க்கையை இரண்டு மொழியிலும் மாறி மாறிச் சொல்லிக்கொண்டிருந்த ஒருவர், ஒருநாள் தமிழில் "அவன் அடிச்சான்" என்றார். சொன்னதும் நிறுத்திக்கொண்டு அறைக் கதவைத் திரும்பிப் பார்த்தார். வீட்டில் யாரும் இல்லை என்பது எங்கள் இருவருக்கும் தெரியும். நான் ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த வாக்கியத்தில் "அவரு" திரும்பி வந்துவிட்டது. அதைப் பிடித்துக்கொண்டு "இப்ப அவன்னு சொன்னீங்களே" என்று நான் கிளறியிருக்கலாம்; பாடநூல்கள் அதைத்தான் சொல்லும். அவர் அதை வேறு நாளில் தானாகவே எடுத்தார். அந்த நாளுக்குள் வேலைக்கு விண்ணப்பித்திருந்தார், அண்ணனிடம் பேசியிருந்தார்.

எல்லாவற்றையும் வருகிறவர் விருப்பத்துக்கு விட்டுவிடுகிற நான் ஒரே ஓர் இடத்தில் விடுவதில்லை. மனச்சோர்வை அளக்க உலகெங்கும் பயன்படும் பிஎச்க்யூ-9 என்ற வினாத்தாளில் ஒன்பது கேள்விகள். கடைசிக் கேள்வி சாவைப் பற்றியது. திரையில் ஆங்கிலப் படிவத்தைப் பார்த்து, மற்ற எட்டையும் நிரப்பிய வேகத்தில் அதற்கும் இல்லை என்று குறியிட்டுவிடுகிறவர்கள் உண்டு. நான் அதை வாய்விட்டு இரண்டு மொழியிலும் கேட்கிறேன். "செத்துப்போயிட்டா நல்லா இருக்கும்னு தோணுதா?" ஆங்கிலத்தில் பளிச்சென்று மறுத்தவர் தமிழில் அதே கேள்விக்குக் கீழே பார்க்கிறார். தமிழில் "ஐயோ அதெல்லாம் இல்லீங்க" என்றவர் ஆங்கிலத்தில் ஒரு நிமிடம் பேசாமல் இருந்துவிட்டு, மாத்திரை எங்கே வைத்திருக்கிறார் என்று சொல்கிறார். இப்படிக் கேட்பதால் இல்லாத எண்ணம் புதிதாக முளைத்துவிடாது. இது பல ஆய்வுகளில் உறுதிப்பட்டது. கேட்டதும் போலீஸ் வழக்கு வருமோ என்று பயப்படுகிறவர்களுக்கு 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்தைச் சொல்கிறேன். தற்கொலைக்கு முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்தவராகவே கருதப்பட வேண்டும், அவரைத் தண்டிக்கக் கூடாது என்கிறது அதன் 115ஆம் பிரிவு. முதலில் வாங்கிவைத்த முகவரியும் உறவினர் எண்ணும் இந்த ஒரு கேள்விக்காகத்தான். உயிருக்கு ஆபத்து என்றால் ரகசியக் காப்பை மீறி அந்த எண்ணை அழைப்பேன் என்பதையும் தொடக்கத்திலேயே இரண்டு மொழியிலும் சொல்லிவிடுகிறேன்.

திரைக்கு என்று சில தனிச் சிரமங்கள் இருக்கின்றன. எதிரில் இருப்பவர் முகத்தைப் பார்த்தால் என் கண் அவருக்குத் தாழ்ந்து தெரியும். கேமராவைப் பார்த்தால் அவர் முகம் எனக்குத் தெரியாது. அவர் மௌனமாகிவிட்டால் அது துக்கமா, இணைப்புக் கோளாறா என்று சில கணங்கள் புரியாது, "கேக்குதா?" என்று கேட்டு அந்த மௌனத்தைக் கெடுத்துவிடாமலிருக்கப் பழகவேண்டும். மூச்சுவிடும்போது தோள் அசைகிறதா என்று பார்ப்பேன். அசைந்தால் காத்திருப்பேன். நேரில் இருந்தால் தண்ணீர் டம்ளரை நகர்த்திவைத்திருப்பேன், இங்கே "பக்கத்துல தண்ணி இருக்கா?" என்று கேட்கத்தான் முடியும். அமர்வு முடிந்ததும் பேருந்தில் ஏறி வீடுபோய்ச் சேருகிற இடைவெளியும் அவர்களுக்குக் கிடையாது. மடிக்கணினியை மூடிய மறுகணம் குழந்தைக்கு இட்லி ஊட்டவேண்டும். அதனால் கடைசிப் பத்து நிமிடம் பழைய துக்கம் எதையும் தொடுவதில்லை.

இத்தனை சிரமத்தோடும் இது தேவைப்படுகிறது. சென்னையில் 1794இல் தொடங்கிய மனநலக் காப்பகத்தின் வழிவந்த அரசு மருத்துவமனை இருக்கும் கீழ்ப்பாக்கத்தின் பெயரையே நாம் வசைச்சொல்லாக்கிவிட்டோம். அந்த வாசலில் தெரிந்தவர் யாராவது பார்த்துவிட்டால் என்ற பயத்தில் வராமலே இருந்தவர்கள் எத்தனையோ பேர். இணையவழியும் கொரோனாவோடு திடீரென்று வந்துவிடவில்லை. சென்னையின் ஸ்கார்ஃப் என்ற மனநல அமைப்பு 2010லேயே புதுக்கோட்டைக் கிராமங்களுக்கு ஒரு பேருந்தை அனுப்பியது. நோயாளி பேருந்துக்குள் உட்கார, சென்னையிலிருக்கும் மனநல மருத்துவர் திரையில் தமிழில் பேசுவார். மருந்தை அங்கேயே கொடுப்பார்கள். தமிழில் திரைவழி மனநல உதவிக்கு அதுதான் நல்ல முன்மாதிரி என்று நினைக்கிறேன். ஏனென்றால் திரை மட்டும் போகவில்லை, அடைத்த கதவுள்ள ஓர் அறையும் கூடவே கிராமத்துக்குப் போயிற்று.

இணையத்துக்கு எல்லை இல்லை என்பார்கள், ஆலோசனைக்கு இருக்கிறது. டொரொண்டோவிலிருந்து ஒரு மகள், யாழ்ப்பாணத்திலிருந்து வந்த தன் தாய்க்காக என்னை அணுகினார். அம்மா இரவில் எழுந்து உட்கார்ந்து பெருமூச்சு விட்டுக்கொண்டிருக்கிறா, ஒன்றும் கதைக்கிறா இல்லை என்றார். ஒண்டாரியோ மாகாணத்தில் 2015 முதல் உளச்சிகிச்சையாளர்களுக்கென்று தனிப் பதிவு அமைப்பு செயல்படுகிறது. அங்கே வசிப்பவருக்கு அங்கே பதிவு பெற்றவர் சிகிச்சை தருவதே முறை. அந்தச் சட்டம் இல்லாவிட்டாலும் நான் தயங்கியிருப்பேன். நள்ளிரவில் அவருக்கு ஏதாவது ஆனால் சென்னையிலிருந்து நான் யாரை அனுப்ப முடியும்? மொழியும் ஒரு காரணம். என் தமிழ் அவருக்குச் சினிமாத் தமிழ். ஷெல் விழுந்த ஊரையும் பதுங்குகுழியையும் முகாமையும் தெரிந்த தமிழில் கேட்கிறவர் வேண்டும். டொரொண்டோத் தமிழர்களிடையே நடந்து 2003இல் வெளியான ஆய்வில், மூன்றில் ஒரு பங்கினர் போர் போன்ற கொடிய அனுபவங்களைக் கண்டிருந்தார்கள். 12 விழுக்காட்டினருக்கு அதன் பின்விளைவான மனவடு நோய் இருந்தது. யாழ்ப்பாணத்து மனநல மருத்துவர் தயா சோமசுந்தரம் போரின் நடுவிலேயே இதையெல்லாம் தமிழில் எழுதிவைத்தார். அங்கே பதிவு பெற்ற, ஈழத்தமிழ் பேசுகிற ஒருவரை அந்த மகளுக்குத் தேடிக்கொடுத்தேன். அதிலும் ஒரு கேள்வியை முன்கூட்டியே யோசிக்க வேண்டியிருந்தது: அமர்வின்போது ஐபேடைப் பிடித்துக்கொண்டு மகள் பக்கத்தில் இருந்தால் அம்மா பேசுவாரா? மகளுக்குத் தெரியக் கூடாது என்றுதானே இத்தனை வருடம் பேசாமல் இருந்தார்? பேத்தி இணைப்பை ஏற்படுத்திக் கொடுத்துவிட்டு, மகளும் பேத்தியும் வெளியே நடந்துவருவது என்று முடிவாயிற்று.

இரண்டு மொழியிலும் சரளமாகக் கேட்கத் தெரிந்தவர்கள் நம்மிடம் போதுமான அளவு இல்லை. காரணம் படிப்பிலேயே இருக்கிறது. தமிழ்நாட்டில் ஆலோசனை உளவியல் முதுகலை வகுப்புகள் பெரும்பாலும் ஆங்கிலத்தில் நடக்கின்றன. மாணவர்கள் ஒருவர் ஆலோசகராகவும் ஒருவர் வருகிறவராகவும் நடித்துப் பழகுவதும் ஆங்கிலத்தில்தான். பயிற்சிக்கு அரசு மருத்துவமனைக்குப் போனதும், மனைவியை இழந்த ஒரு பெரியவரிடம் "நீங்க ரொம்ப சோகமா உணர்றீங்கன்னு எனக்குப் புரியுது" என்கிறார்கள். பெரியவர் மரியாதைக்குத் தலையாட்டுகிறார். அந்த மாணவியின் பாட்டி அதே இடத்தில் "அவங்க போனதுல இருந்து வீடே வெறிச்சோடிப் போச்சு, இல்லீங்களா?" என்றிருப்பார், பெரியவர் பேசத் தொடங்கியிருப்பார். மாணவிக்கும் அந்தத் தமிழ் தெரியும். வகுப்பறையில் அதற்கு இடம் இல்லாததால் அதைத் தொழிலுக்கு உரியது என்று அவர் நினைப்பதில்லை. மேற்பார்வையாளரிடம் கொண்டுபோகும் குறிப்புகளும் ஆங்கிலத்தில் இருப்பதால், தமிழில் பேசியவர் எந்த இடத்தில் தடுமாறினார் என்பது குறிப்புக்குள் வருவதே இல்லை. நான் குறிப்புகளை ஆங்கிலத்தில் எழுதினாலும், அவர் தமிழில் சொன்ன முக்கியமான வாக்கியத்தை அவர் சொன்ன மாதிரியே தமிழில் எழுதிவைக்கிறேன். பல மாதங்கள் கழித்துப் புரட்டும்போது எனக்கு உதவுவது அந்த வாக்கியங்கள்தான்.

கல்லூரிகளிடம் என் கோரிக்கை பெரியதல்ல. செய்முறைப் பயிற்சியில் பாதியைத் தமிழில் நடத்துங்கள். உரையாடல்களைப் பேசியபடியே எழுதிவைக்கச் சொல்லுங்கள். யாழ்ப்பாணத் தமிழையும் கொங்குத் தமிழையும் நாகர்கோவில் தமிழையும் கேட்கப் பழக்குங்கள். சாதியைக் காது எப்படி ஊகிக்கிறது என்பதைப் பாடத்திலேயே சேர்த்துப் பேசுங்கள். நல்ல ஆங்கிலமும் வேண்டும், ஏனென்றால் சிலருக்கு அதுதான் தேவைப்படுகிறது.

ஆலோசனைக்குப் போகலாமா என்று யோசித்துக்கொண்டிருக்கிறவர்களுக்கு: எந்த மொழியில் பேசலாம், நடுவில் மாறலாமா, பேசாமல் எழுதலாமா என்று முதல் அமர்விலேயே கேளுங்கள். காரிலிருந்து பேசினாலும் மொட்டைமாடியிலிருந்து பேசினாலும் தவறில்லை. தமிழில்தான் பேச வேண்டும் என்றோ ஆங்கிலத்தில்தான் முடியும் என்றோ கட்டாயப்படுத்துகிறவரிடம் தொடர வேண்டியதில்லை. கட்டணம் தர வசதி இல்லாவிட்டால், இந்திய அரசு 2022 அக்டோபர் 10 அன்று தொடங்கிய டெலி மானஸ் சேவையின் எண் 14416. நாள் முழுவதும் இயங்குகிறது, கட்டணம் இல்லை, தமிழைத் தேர்ந்தெடுத்துப் பேசலாம். இலங்கையில் தேசிய மனநல நிறுவகத்தின் எண் 1926.